ஆறு கால் மிருகம் என்ன தின்னும்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஒரு பையன் காகிதத் தட்டில் செய்த முயல் ஒரு கட்டுக் கீரையைத் தின்று முடித்தது. கட்டியிருந்த ரப்பர் பேண்டையும் வேரில் ஒட்டியிருந்த மண்ணையும் மட்டும் மிச்சம் வைத்தது. பாலர் வகுப்பில் அப்போது பதினேழு குழந்தைகள் இருந்தார்கள், பதினேழு பேரும் பார்த்தார்கள், ஒருவரும் அலறவில்லை. தொண்டை பெரிது என்பதால் டமாரம் என்று பெயர் வாங்கியிருந்த சிறுமி மட்டும் எழுந்து நின்று, "டீச்சர், அவன் முயலுக்கு மட்டும் குடுத்தீங்க, என் ஆட்டுக்கு இன்னும் குடுக்கல" என்று புகார் செய்தாள். நியாயமான புகார்தான் என்று டீச்சருக்குப் பட்டது. முயல் எதைத் தின்னும் என்று காட்டுவதற்காக வாங்கி வந்திருந்த இரண்டாவது கட்டை அவிழ்த்து, பஞ்சு ஒட்டிய ஆட்டின் முன்னால் வைத்தார். அதுவும் தின்றது.

அந்த டீச்சரைக் குழந்தைகள் கோந்து டீச்சர் என்றார்கள். பன்னிரண்டு வருடங்களில் அவர் விரல் நுனியில் பசை காய்ந்து உரியாத நாள் ஒன்றுகூட இருந்ததில்லை. உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த கடைசி அறையைக் கேட்டு வாங்கி, சுவருக்கு மஞ்சள் அடித்து, குழந்தைகளின் முழங்கால் உயரத்துக்கு மேசைகளின் கால்களைத் தானே அறுத்துத்தான் அந்த வகுப்பை உண்டாக்கினார். ஒவ்வொரு வருடமும் மூன்றாம் மாதத்தில் செடி கொடி தின்னும் மிருகங்கள் பற்றிய பாடம் வரும். பதினோரு வருடங்கள் பிள்ளைகள் முயலும் ஆடும் செய்தார்கள், அவை சுவரில் தொங்கித் தூசி பிடித்தன, எதுவும் எதையும் தின்றதில்லை. பன்னிரண்டாவது வருடம் மட்டும் ஏன் தின்றன என்றால், அதற்குக் காரணம் டீச்சரின் அக்கா. அக்கா ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். அக்காவும் தங்கையும் மூன்றாவது மாடியில் ஒரே வீட்டில் இருந்தார்கள். போன வருடத்து முயல் ஒன்று பையோடு வீட்டுக்கு வந்தபோது, அக்கா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, வாயைக் கட்டை விரலால் நெம்பிவிட்டு, "பல்லே இல்லையேடி. இது எதை வெச்சுத் திங்கும்?" என்றார். சொன்னதை அக்கா அடுத்த நிமிடமே மறந்துவிட்டார். தங்கை மறக்கவில்லை. விடுமுறை முழுவதும் உட்கார்ந்து எந்த மிருகத்துக்கு எத்தனை பல், எது எங்கே என்று படித்தார்.

எனவே அந்த வருடம் கோந்து டீச்சர் ஒரு பிடியாக நின்றார். காது கோணலாக இருக்கலாம், வால் நெற்றியில்கூட முளைக்கலாம், பல்லில் மட்டும் தப்பு இருக்கக் கூடாது. முயலின் மேல் வரிசையில் முன்பற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இன்னொரு குட்டி ஜோடி உண்டு என்பதால், அரிசி அளவுக்கு அட்டை வெட்டி அதையும் ஒட்ட வைத்தார். மாட்டுக்கு மேலே முன்பல் கிடையாது என்பதால், செருப்புப் பெட்டியில் மாடு செய்த பையன் ஆசையாக ஒட்டியிருந்த நான்கு பற்களையும் பிய்க்கச் சொன்னார். அவன் அழுதான். அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகும் பிய்க்கச் சொன்னார். அதே பெட்டிக்குள் நான்கு காலுறைகளை ஒன்றோடொன்று தைத்து நான்கு வயிறு வைக்கச் சொன்னார். கடைவாய்ப் பற்கள் எல்லாம் தட்டையாக, அரைப்பதற்குத் தோதாக இருக்க வேண்டும். "பல்லப் பாத்தாலே அது என்ன சாப்பிடும்னு சொல்லிடலாம். பல்லு சரியா இருந்தா கண்டிப்பா சாப்பிடும்" என்று தினமும் சொன்னார். குழந்தைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மிருகங்களும் எடுத்துக்கொண்டன என்று பிற்பாடு தெரிந்தது.

வியாழக்கிழமைக்குள் வகுப்பில் ஏறக்குறைய எல்லாம் தின்ன ஆரம்பித்துவிட்டன. காலுறை யானை வாழை மட்டையைத் தும்பிக்கையால் சுருட்டி வாய்க்குள் தள்ளியது. முட்டை அட்டையில் செய்த கம்பளிப்புழு ஒரு பூசணி இலையை ஓரத்திலிருந்து ஒழுங்காகக் கத்தரித்துக்கொண்டே போய் நரம்பை மட்டும் விட்டது. செருப்புப் பெட்டி மாடு குழந்தைகள் தூங்கும் வேளையில் அசைபோட்டது, அந்தச் சத்தத்தில் குழந்தைகள் முன்னைவிட நன்றாகத் தூங்கினார்கள். பள்ளியின் தலைமை ஆசிரியையான பெரிய மேடம் வந்து பார்த்தார். வகுப்பறையில் உயிருள்ள பிராணிகள் வைக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அவர் குனிந்து முயலின் மூக்கருகே கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார், ஆவி படியவில்லை. மூச்சு விடாததால் விதி பொருந்தாது என்று முடிவு செய்து, மதிய உணவில் மிச்சமாகும் காய்த்தோலை இனி வெளியே கொட்ட வேண்டாம், இங்கே கொண்டு வந்து போடுங்கள் என்று சமையலறைக்குச் சொல்லி அனுப்பினார். பெற்றோரில் சிலர் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். சில நாளில் விரலை எடுத்துவிட்டார்கள்.

தின்னாதது ஒன்றே ஒன்று. அதைச் செய்தவள் வகுப்பிலேயே சின்ன உருவம், பட்டப் பெயர் சொட்டு. அப்பா சலூன் வைத்திருந்தார். அம்மா தொலைவில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்து மாதம் ஒருமுறை வந்து போனார். பள்ளி விட்டதும் சொட்டு சலூனில்தான் இருப்பாள், சுழல் நாற்காலியின் அடியில் உட்கார்ந்து படம் வரைவாள். வீட்டிலிருந்து ஏதாவது வேண்டாத பொருள் கொண்டு வாருங்கள் என்று டீச்சர் சொன்னபோது, மற்றவர்கள் அட்டைப் பெட்டி கொண்டு வந்தார்கள். சொட்டு ஒரு பை நிறைய சலூன் சாமான் கொண்டு வந்தாள். கழுத்தில் போர்த்தும் நைலான் துணியில் பஞ்சு மெத்தைத் துண்டுகளை அடைத்து உடம்பு செய்தாள். முடியைச் சுருட்டும் ரோஸ் நிற பிளாஸ்டிக் உருளைகள் ஆறு இருந்ததால் ஆறு கால். தலை அலசும் தொட்டியில் இருந்து கழற்றிப் போட்ட ரப்பர் குழாய் கழுத்தானது. கிரீம் டப்பா மூடிகள் கண்கள். வாயில் மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, உடைந்த சீப்பு.

டீச்சர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, தான் வாழ்நாள் முழுக்க வருத்தப்படப் போகிற ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"இப்படி ஒரு மிருகம் கிடையாதேம்மா."

சொட்டு மிருகத்தைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். டீச்சருக்குத்தான் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதை மேசையில் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள்.

"இருக்கு டீச்சர். இதோ."

கோந்து எங்கேயும் பயன்படுத்தவில்லை என்பதையும் டீச்சர் கவனித்தார். துணியிலும் பிளாஸ்டிக்கிலும் கோந்து பிடிக்காததால், சொட்டு எல்லாவற்றையும் ஹேர்பின்னாலும் ரப்பர் பேண்டாலும் கட்டியிருந்தாள். சொன்ன முறையில் செய்யவில்லை என்று டீச்சர் தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார். முயலோ ஆடோ புதிதாகச் செய்யலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், இது இருக்கே, என்று பதில் வந்தது.

அந்த வியாழக்கிழமை தீனிக் கூடை உள்ளே வந்தபோது, மற்ற மிருகங்களோடு சேர்ந்து ஆறு கால் மிருகமும் எழுந்து நின்றது. குழாய்க் கழுத்தை வளைத்துக் கீரையை முகர்ந்தது. வாயைத் திறந்தது, சீப்புப் பற்களால் ஒரு இலையைப் பிடித்து இழுத்தது, இலை வழுக்கிக் கீழே விழுந்தது. மூன்று முறை இப்படி நடந்தது. நான்காவது முறை அது முயலவில்லை, கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டது. வயிற்றிலிருந்து தொட்டியில் தண்ணீர் வடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. "அதுக்குப் பசிக்குது டீச்சர்" என்றாள் சொட்டு. எடை என்றால் என்ன என்று சொல்லித்தர வைத்திருந்த தராசில் டீச்சர் அதை நிறுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு கிராம். மறுநாள் நானூறு. அடுத்த நாள் முந்நூற்றுத் தொண்ணூறு.

பல்லைப் பார்த்தால் தீனி தெரியும் என்று சொன்னவர் அவர்தான். பதினாறு குழந்தைகளுக்குச் சொன்னது பதினேழாவது குழந்தைக்கும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு இரண்டாவது யோசனை இல்லை. அன்றிலிருந்து தேடல் தொடங்கியது. காலையில் பள்ளிக்கு வரும் வழியில் பூங்காவில் இறங்கி, தோட்டக்காரரிடம் கேட்டு, ஒவ்வொரு செடியிலும் ஒரு கொத்து பறித்துக்கொண்டார். பூக்கடையில் உதிர்ந்தது, மருந்துச் செடி விற்பவரிடம் காய்ந்தது, காய்கறிக்காரரிடம் கழித்துப் போட்டது, எல்லாம் அவர் பைக்குள் போயிற்று. குழந்தைகளும் இறங்கிவிட்டார்கள். டமாரம் தன் மாமா வீட்டு வேலியையே ஒரு பக்கம் மொட்டையடித்துக்கொண்டு வந்தாள். புல்லில் பதினான்கு வகை, மரப்பட்டையில் ஒன்பது, கிழங்கு, தளிர், மொட்டு, விதை, வைக்கோல், கள்ளி, காளான். காளான் செடியே இல்லை என்று டீச்சருக்குத் தெரியும், அதையும் வைத்துப் பார்த்தார். பத்து நாளில் நூற்று எண்பத்தேழு வகை ஆயிற்று. ஆறு கால் மிருகம் ஒவ்வொன்றையும் மரியாதையாக முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது வேண்டாம் என்றதை எல்லாம் மற்றவை தின்றன. செருப்புப் பெட்டி மாடு கொழுத்துப் பெட்டி வெடித்து, ஒரு குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைக்குள் குடிமாற்றப்பட்டது.

இதற்கிடையில் சொட்டு சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அடம் பிடித்து, கத்தி, தட்டைத் தள்ளி அல்ல. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மிருகத்தின் முன்னால் வைப்பாள், அது வேண்டாம் என்றதும் மூடிவிடுவாள். மூன்றாம் நாள் சலூன்காரர் கடையைப் பாதியில் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடி வந்தார். கையில் இன்னும் சீப்பு இருந்தது.

"வீட்லயும் ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது டீச்சர். கேட்டா, அதுவும்தான் சாப்பிடல, அதுக்கு யாரும் கெஞ்சலையேங்கறா. நான் என்ன பதில் சொல்றது?"

 டீச்சர் சொட்டுவைக் கூப்பிட்டு, மேசை மேல் உட்கார வைத்து, கண்ணுக்கு நேராகப் பேசினார். சாப்பிடாதவர்களுக்குக் கால் வலிக்கும், கால் வலித்தால் நடக்க முடியாது, நடக்க முடியாவிட்டால் அது தின்பதை யார் தேடுவது, நான் ஒருத்தியே எத்தனை இலை பறிக்க முடியும் என்று கேட்டார். சொட்டு விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்.

"அப்போ தேடறதுக்கு மட்டும் சாப்பிடறேன்" என்றாள்.

அன்று முதல் பாதி டப்பா உள்ளே போயிற்று. அதுவே பெரிது என்று சலூன்காரர் கடைக்குத் திரும்பினார்.

பெரிய மேடம் கல்நெஞ்சுக்காரர் அல்ல. ஆனால் நாற்பது வருடம் பள்ளியில் இருந்தவர், வரப்போவதைக் கொஞ்சம் முன்னாலேயே பார்க்கப் பழகியவர். இரண்டாவது வாரக் கடைசியில் மிருகத்தின் எடை இருநூற்று எழுபது. நைலான் துணி சுருங்கித் தொங்கியது, நடு இரண்டு கால்கள் தரையைத் தொடவில்லை. அவர் டீச்சரைத் தனியாக அழைத்தார்.

"நாலு வயசுப் பிள்ளைங்க கண்ணு முன்னாடி அது செத்துப் போச்சுன்னா, அதை யாரு எப்படிச் சொல்றது? ஒண்ணு, மத்ததுக்கெல்லாம் வெச்ச மாதிரி இதுக்கும் அட்டையில ரெண்டு பல்லு வெட்டி ஒட்டுங்க, கீரை தின்னுட்டுப் போகட்டும். இல்ல, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துடுங்க."

"பல்ல மாத்தினா அது வேற மிருகம் மேடம்."

"உயிரோட இருக்கற வேற மிருகம்."

 புதன்கிழமை பிள்ளைகள் போன பிறகு, மாலை வெயில் மஞ்சள் சுவரில் இருக்கும்போதே, டீச்சர் வெள்ளை அட்டையில் பன்னிரண்டு தட்டைப் பற்கள் வெட்டினார். மிக நேர்த்தியாக வெட்டினார், அக்காவே மெச்சியிருப்பார். அக்காவிடம் இரவல் வாங்கிய சிறு இடுக்கியை எடுத்துக்கொண்டு மிருகத்தின் முன்னால் உட்கார்ந்தார். சொல்லாமலே அது வாயைத் திறந்தது. பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் திறப்பார்களே, கண்ணை மேலே செருகி, கையை இறுக மூடி, எதுவானாலும் செய்துகொள்ளுங்கள் என்பதுபோல, அப்படித் திறந்தது. டீச்சர் இடுக்கியைக் கீழே வைத்தார். பன்னிரண்டு பற்களையும் மாட்டிடம் கொடுத்தார், அட்டைதானே, அது தின்றுவிட்டது. பிறகு அழுதார். கொஞ்ச நேரம்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு பையை எடுத்தார், அன்றைக்கு இன்னும் ஆறு வகை இலை பாக்கி இருந்தது.

வியாழக்கிழமை மாலை நூற்றுத் தொண்ணூற்று ஒன்பதாவது இலையும் வேண்டாம் என்றானதும், சொட்டுவின் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று டீச்சர் சலூனுக்கு நடந்தார். மிருகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். கடையில் ஒரு ஆள் தொட்டியில் தலை சாய்த்துக் கிடந்தார். கொஞ்சம் உட்காருங்க டீச்சர், முடிச்சுட்டு வரேன், என்று சலூன்காரர் சொல்ல, டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தார். சொட்டு நாற்காலிக்கு அடியில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் ஓடியது. அந்த ஆளின் தலைமுடி நுரையும் தண்ணீருமாகத் தொட்டியில் மிதந்தது. சலூன்காரர் ஒரு சீப்பை எடுத்துத் தண்ணீரோடு சேர்த்து நிதானமாக ஒரு இழுப்பு இழுத்தார். முடி நழுவியது, நுரையும் உதிர்ந்த துணுக்குகளும் சீப்பின் பல்லிடுக்கில் வரிசையாகத் தங்கின. டீச்சரின் மடியில் துண்டு அசைந்தது. ஆறு கால் மிருகம் கழுத்தை வெளியே நீட்டித் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

டீச்சர் எழுந்து நின்றார். "இது என்ன சீப்பு?"

"நெருக்கப் பல்லு டீச்சர். பாப்பா எடுத்துட்டு வந்ததும் இதோட ஜோடிதான், உடைஞ்சு போச்சு."

"இதால ஒண்ணைக் கடிக்க முடியுமா?"

சலூன்காரர் சிரித்தார். "சீப்பால எங்கயாவது கடிக்க முடியுமா? காய்ஞ்ச தலையில போட்டா பல்லுதான் போகும். இது ஈரத்துல வார்றதுக்கு. தண்ணியில இருக்கற தூசு தும்பு எல்லாத்தையும் அரிச்சு எடுத்துடும்."

டீச்சர் மிருகத்தை மேசையில் வைத்து முதல் தடவையாகப் பார்க்க வேண்டிய மாதிரி பார்த்தார். பதினைந்து நாளாகப் பல்லை மட்டும் பார்த்திருக்கிறார், அதையும் தப்பாக. தண்ணீர் ஊறாத துணி. ஓட்டை ஓட்டையாக, தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே போகிற கால்கள். கீழே குனிய நீளமான கழுத்து. ஈரத் தலைகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை, நனைவதற்கென்றே உள்ள சாமான்களில் ஒரு மிருகம் செய்திருக்கிறாள். இவர் அதைக் கொண்டு வந்து உலர்ந்த மேசையில் வைத்து உலர்ந்த இலையாக நீட்டியிருக்கிறார். கோந்து போட்டிருந்தால் தண்ணீரில் கரைந்து போயிருக்கும். கோந்து போடவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

"சொட்டு, இது தண்ணியில நிக்குமா?"

நாற்காலிக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "நிக்கும். அதுக்குத்தானே ஆறு கால்."

"ஏம்மா இதை முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல டீச்சர். நீங்க இலைதான் கேட்டீங்க."

"அப்போ அது என்ன திங்கும்?"

"அது எனக்குத் தெரியாது. நீங்கதான் டீச்சர்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பதினேழு குழந்தைகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகத் தெருவில் நடந்தார்கள். முன்னால் கோந்து டீச்சர் வரைபலகையின் மேல் ஆறு கால் மிருகத்தை ஏந்திச் சென்றார், எடை இருநூற்று எட்டு. பின்னால் பெரிய மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார், கெடு அன்றைக்குத்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு நீரூற்று இருந்தது. பதினோரு வருடமாக அது ஊற்றவில்லை. தொட்டியில் மழைத் தண்ணீர் தேங்கி, பச்சைப் பாசி கம்பளி மாதிரி மூடியிருந்தது. அடுத்த வருடம் சுத்தம் செய்வோம் என்று நகராட்சி ஒவ்வொரு வருடமும் சொல்லிவந்தது. பேருந்துக்கு நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். சலூன்காரரும் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றார்.

விளிம்பில் வைத்ததும் மிருகம் நகரவில்லை. நிற்கவே அதற்குத் தெம்பில்லை. இறக்கிவிட்டால் மூழ்கிவிடுமோ என்று டீச்சரின் கை தயங்கியது. நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது முறை தப்பு செய்த கை அது. சொட்டு செருப்பைக் கழற்றினாள், அப்பாவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அவர் அவளைத் தூக்கித் தொட்டிக்குள் இறக்கினார். தண்ணீர் அவளுக்கு முட்டிவரை இருந்தது. மிருகத்தை இரண்டு கையாலும் வாங்கி, ஒவ்வொரு காலாகத் தண்ணீரில் வைத்தாள். ஆறாவது காலும் இறங்கிய பிறகு கையை எடுத்தாள்.

அது நின்றது. ஓட்டைகள் வழியே தண்ணீர் கால்களுக்குள் புகும் சத்தம் கேட்டது. பிறகு கழுத்து வளைந்து இறங்கியது, தலை பக்கவாட்டில் சாய்ந்தது, வாய் பாதி நீருக்குள் போயிற்று. இடமிருந்து வலமாக நிதானமாக ஒரு இழுப்பு. தலை நிமிர்ந்தபோது சீப்பின் ஒவ்வொரு இடுக்கிலும் பாசி நிறைந்திருந்தது, தண்ணீர் மட்டும் சொட்டிக் கீழே விழுந்தது. வாயை மூடியது. ரப்பர்க் குழாயில் ஒரு சிறு உருண்டை இறங்குவதை எல்லாரும் பார்த்தார்கள். 

இரண்டாவது இழுப்பு. மூன்றாவது. அதற்கு மேல் டீச்சர் எண்ணவில்லை, விளிம்பில் உட்கார்ந்து முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டார். பெரிய மேடம் அவர் தோளில் கை வைத்து, பதிவேட்டில் எழுத வேண்டும், இதற்கு என்ன பெயர் போடுவது என்று பொதுவாகக் கேட்டார். எல்லாரும் சொட்டுவைப் பார்த்தார்கள். அவள் தண்ணீரில் நின்றபடி மிருகம் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு நீங்க வைங்க மேடம்" என்றாள். "அப்பா, எனக்குப் பசிக்குது."

சலூன்காரர் ஓடினார். பேருந்து நிலையக் கடையில் என்ன இருந்ததோ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தார். சொட்டு விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு, ஐந்து ரொட்டியும் இரண்டு வாழைப்பழமும் தின்றாள். மிருகம் பதினொன்று நாற்பதுவரை தின்றது. பள்ளிக்குத் திரும்பத் தூக்கியபோது அது வரவில்லை, ஆறு காலையும் ஊன்றிக்கொண்டது. இருக்கட்டும், அதன் இடம் அதுதான், என்று டீச்சர் சொல்லிவிட்டார். அன்று மாலை அவர் குறிப்பேட்டைத் திறந்து, தான் எழுதிய வரியை அடித்துவிட்டு, நீரில் வாழ்வதால் கோந்து தேவையில்லை என்று எழுதினார். அடுத்த வருடத்திலிருந்து பாடத்தின் முதல் நாளில், இந்த மிருகம் எங்கே இருக்கும் என்ற கேள்வியை முதலிலும் பல்லைப் பற்றியதை இரண்டாவதாகவும் கேட்டார்.

ஆறு வாரத்தில் தொட்டியின் அடி தெரிந்தது. அடி தெரிந்ததும் அடைத்திருந்த குழாய் தெரிந்தது, ஒரு ஊழியர் வந்து அதில் கம்பியை விட்டுக் குத்தினார், நீரூற்று ஊற்ற ஆரம்பித்தது. இப்போது பாசி போதாமல் போனது. ஊரார் தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் நாளில் வழித்த பாசியை வாளியில் கொண்டு வந்து ஊற்றிவிட்டுப் பேருந்து ஏறினார்கள். பேருந்து தாமதமானால் யாரும் முன்போல் சத்தம் போடுவதில்லை, விளிம்பில் உட்கார்ந்து அது தின்பதைப் பார்த்தார்கள். காகித முயல் மழைக்காலத்தில் நைந்து போயிற்று, மாடு அடுத்த வகுப்புக்குப் போனது, கம்பளிப்புழு ஒரு நாள் கூடு கட்டிக்கொண்டு பிறகு ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது. சொட்டு பெரிய வகுப்புகளுக்குப் போனாள், உயரமானாள், அந்தப் பட்டப் பெயரால் யாரும் கூப்பிடாத வயதுக்கு வந்தாள், பள்ளி விட்டதும் நீரூற்று வழியாகத்தான் வீட்டுக்குப் போனாள்.

நான்காவது வருடம் ஒரு திங்கட்கிழமை தொட்டியில் இரண்டு இருந்தன. இரண்டாவது உள்ளங்கை அளவுதான், நீல நிறக் கால்கள் ஆறு. கோந்து டீச்சர் இதை யார் செய்தது என்று எல்லா வகுப்பிலும் கேட்டார், ஒருவரும் கை தூக்கவில்லை. சலூன்காரர் கடையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார், நீல உருளை அவர் வாங்கியதே இல்லை. அக்கா வேலைக்குப் போகும் வழியில் இறங்கி, கையை நனைத்துக்கொண்டு, சின்னதன் வாயை விரலால் திறந்து வெளிச்சத்தில் பார்த்தார். "பால் பல்லுதான். விழுந்து முளைக்கும், பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த பேருந்தில் ஏறிப் போய்விட்டார்.

தினமும் காலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தைப் பெருக்கும் அம்மாள் நீரூற்றைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு வருவாள். குட்டி அந்த நேரத்தில் தண்ணீரை விட்டு ஏறி, விளிம்பிலிருந்து கீழே குதித்து, ஈர வாயோடு துடைப்பத்தின் குறுக்கே வந்து நிற்கும். அவள் துடைப்பத்தின் அடிப்பக்கத்தால் அதன் முதுகை லேசாகத் தட்டி, "நகரு, வேலை கெடுது" என்பாள். அது நகரும்.